பதினைந்துக்கு ஐந்து

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வாள்வீச்சு கிளப்பின் அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டியவர் மேஜர். ஒட்டி முடித்து ஒரு அடி பின்னால் நின்று பார்த்து, "மூணு பேருக்கும் சேத்து ஒரே ஆப்பு" என்றார்.

ஊசியக்கா அதை மூன்று தடவை படித்தாள். முதல் தடவை கண்ணாடி போடாமல். இரண்டாவது தடவை போட்டுக்கொண்டு. மூன்றாவது தடவை, எங்காவது அச்சுப்பிழை இருக்காதா என்ற நப்பாசையில். பிழை எதுவும் இல்லை. பயிற்சி தருகிறவர்கள் எல்லோரும் மாதக் கடைசிக்குள் ஒரு பரிசோதகர் முன்னால் பதினைந்து புள்ளி ஆட்டம் ஒன்று ஆடிக் காட்ட வேண்டும். ஜெயிக்க வேண்டியதில்லை. குறைந்தது ஐந்து புள்ளியாவது எடுக்க வேண்டும். எடுக்காதவருக்குப் பயிற்சியாளர் அட்டை புதுப்பிக்கப்படாது. அட்டை இல்லாதவர் கையில் வாளுடன் ஆட்டத் தடத்தில் ஏறக் கூடாது, பாடம் நடத்தக்கூட.

பதினாறு வருஷமாக அவள் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

அந்த கிளப் ஒரு காலத்தில் பார்சல் கிடங்காக இருந்த நீளக் கட்டடம். உள்ளே பதினாலு மீட்டர் நீளத்தில் மூன்று உலோகத் தடங்கள். ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் ஒரு பெட்டி, பெட்டியின் மேல் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. ஆடுகிறவர்களின் முதுகில் ஒரு வயர் மாட்டியிருக்கும். வாள்முனை எதிராளியின் மேல் அழுந்தினால் குத்தியவரின் விளக்கு எரியும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குத்திக்கொண்டால் இரண்டு விளக்கும் எரியும், இரண்டு பேருக்கும் புள்ளி. முதலில் பதினைந்தைத் தொடுகிறவர் ஜெயித்தார். விதி அவ்வளவுதான், வாள்முனையும் மொட்டைதான். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஊசியக்கா அவர்கள் போட்டிருக்கிற சட்டையைப் பார்ப்பாள்.

பயிற்சியாளர்கள் மூன்று பேர். மேஜர் பட்டாளத்துப் பக்கமே போனதில்லை. பஸ் டிப்போவில் இருபத்தாறு வருஷம் நேரக் காப்பாளராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதி, அவருக்கு உலகத்தில் எல்லாமே எண்ணிக்கையாகிவிட்டது. அவரிடம் சேர்ந்தால் முதல் மூன்று மாதம் வாளைத் தொட முடியாது. கால்தான். ஒன்று, இரண்டு, முன்னால். ஒன்று, இரண்டு, பின்னால். பிள்ளைகள் அழுவார்கள், கொட்டாவி விடுவார்கள், சிலர் ஓடியே போவார்கள். தங்கியவர்கள் மட்டும் எந்தத் தள்ளுமுள்ளிலும் தடுமாற மாட்டார்கள்.

மின்னல் நேர் எதிர். வயது முப்பதுகூட ஆகவில்லை. தேசிய அளவில் இரண்டு பதக்கம் வாங்கி, முழங்கால் போய், பயிற்சியாளராக வந்தவள். முதல் நாளே பிள்ளைகளை ஜோடி போட்டு ஆடவிட்டுவிடுவாள். தோற்றால்தான் புரியும் என்பாள். தன் கையுறையை விரல் நுனியில் பிடித்திருந்து திடீரென்று விட்டுவிடுவாள். அது தரையைத் தொடுவதற்குள் எதிரே நிற்கிற பிள்ளை பாய்ந்து பிடிக்க வேண்டும். அவள் பக்கத் தடத்தில் எப்போதும் கூச்சலும் சிரிப்பும்தான்.

ஊசியக்காவிடம் அனுப்பப்படுவது பயந்த பிள்ளைகள். பெற்றோர் கேட்டே அனுப்புவார்கள். அவள் தனித்தனியாகத்தான் பாடம் நடத்துவாள். ஒரு கோட்டுப் பொத்தானை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வாள்முனையால் அதை அசையாமல் தொடச் சொல்லுவாள். பிறகு தன் மார்பையே இலக்காகக் கொடுப்பாள். பிள்ளை சரியாக அடி எடுத்து வைக்கும் நொடியில் அவள் மணிக்கட்டு ஒரு நூலளவு விலகும், மார்பு திறக்கும், குத்து வந்து விழும். பிள்ளையின் முகம் மலரும். ஒரு நாளைக்கு இருநூறு குத்து. அவள் நெஞ்சில் எப்போதும் பழையதும் புதியதுமாக கன்றிப்போன நீலத் திட்டுகள் இருக்கும்.

மூவருக்கும் இடையே வாய்ச்சண்டை ஓயாது. மின்னலின் பிள்ளைகள் தெருப் பூனைகள் மாதிரிப் பிறாண்டுகிறார்கள் என்பார் மேஜர். மேஜரின் பிள்ளைகள் எண்ணி முடித்து வந்து சேர்வதற்குள் போட்டியே முடிந்து பரிசும் கொடுத்துவிடுவார்கள் என்பாள் மின்னல். ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒன்று சேர்ந்துகொள்வார்கள். ஊசியக்காவின் பிள்ளைகள் உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் ஜெயிப்பார்கள், அது ஊசியக்கா. அவளும் சேர்ந்து சிரிப்பாள். வேறு என்ன செய்வது?

அந்தப் பெயர் வந்தது வாளால் அல்ல, நிஜமான ஊசியால்தான். பதினெட்டு வயதில் அவள் ஒரு தையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், இருபது மெஷின்கள். கிளப்பின் வெள்ளைச் சட்டைகள் கிழிந்தால் அங்கேதான் வரும். கனமான துணி, சாதாரண ஊசி உடைந்துபோகும். அவளுக்கு மட்டுமே அது வசப்பட்டது. சட்டைகளைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் ஒரு நாள் வாளைக் கொடுத்துப் பார்த்தார்கள். தூரத்தைக் கண்ணாலேயே அளந்தாள். துணி அளந்த கண்ணாயிற்றே. ஒரே வருஷத்தில் போட்டிக்குப் போனாள். தையலும் தொடர்ந்தது.

இருபத்து மூன்றாவது வயதில் அது நடந்தது. போட்டியில் அவளுக்கு எதிரே நின்றது அதே கிளப்பின் பெண், அவளுடைய சிநேகிதி. ஊசியக்கா பாய்ந்து குத்தினாள். நல்ல குத்து. வாள் வளைந்து, வளைந்த இடத்தில் ஒடிந்தது. ஒடிந்த முனை சிநேகிதியின் அக்குள் பக்கம் சட்டைக்குள் இறங்கிவிட்டது. உள்ளே போடுகிற காப்புச் சட்டை அப்போதெல்லாம் எல்லோரிடமும் இருக்கவில்லை. ரத்தம் வெள்ளைத் துணியில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று அவள் அன்றுதான் பார்த்தாள். மருத்துவமனையில் ஏழு தையல் போட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெண் இன்று வேறு ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள்.

வாள் ஒடிந்தது, அதனால் வந்த விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். ஊசியக்காவும் அப்படியே சொன்னாள். ஆனால் சட்டையைக் கழற்றியது அவள். அக்குளுக்குக் கீழே தையல் ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்திருந்ததைப் பார்த்தவளும் அவள் மட்டுமே. முந்தின வாரம் அதைத் தைத்தது அவள்தான். கெட்டி நூல் தீர்ந்துபோயிருந்தது. சாதா நூலில் ஒற்றை ஓட்டம் ஓட்டி, அப்புறம் சரியாகத் தைத்துக்கொள்ளலாம் என்று கொடுத்தனுப்பிவிட்டாள். துவைத்துத் தருகிறேன் என்று அந்தச் சட்டையை வீட்டுக்கு எடுத்துப் போய், இரட்டைத் தையல் போட்டு, வாயைத் திறக்காமல் அலமாரியில் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து ஆட்டம் இல்லை, பாடம் மட்டும்தான். பாடத்தில் குத்து வாங்கினால் போதும், கொடுக்க வேண்டியதில்லை. அதைப் பொறுமை என்றார்கள், தியாகம் என்றார்கள். அவள் மறுக்கவில்லை.

கடிதம் வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களைச் சமாதானப்படுத்திப் பழகியவர், வீட்டிலும் அதே குரல்தான்.

"போன வாரம் ஒரு அம்மாவ நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுலேந்து வெளிய எடுத்தேன். ரெண்டு மணி நேரம் இருட்டுல இருந்தவங்க. அவங்ககூட உன்ன மாதிரி நடுங்கல" என்றார்.

பயமாக இருந்தால் விட்டுவிடேன், சட்டை தைக்கிற வேலையை மட்டும் வைத்துக்கொள்ளேன், அதற்கு அட்டை தேவையில்லையே என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அவளால் அதற்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. தடத்தில் இருக்கும்வரை, அவள் தைத்த சட்டைகளை அவளே தினமும் கண்ணால் பார்க்கலாம். யார் எதைப் போட்டிருக்கிறார்கள், எது இழுபடுகிறது என்று கவனிக்கலாம். அந்த அடித்தள அறையில் உட்கார்ந்து தைத்துத் தைத்து அனுப்பிக்கொண்டிருந்தால், அவை எந்தப் பிள்ளையின் உடம்பில் ஏறுகின்றன என்றே தெரியாது. ஆட்டத்துக்கும் பயம், ஆடாமல் விடுவதற்கும் பயம். இப்படி இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு பத்து நாள் போயிற்று.

பரிசோதனை சனிக்கிழமை காலை. பரிசோதகர் குள்ளமான, அதிகம் பேசாத ஒரு அம்மாள். கையில் ஒரு பலகை, அதில் கவ்வியிருந்த தாள்கள். முதலில் மேஜரும் மின்னலும் ஆடினார்கள். மேஜர் ஆறு புள்ளி எடுத்து, பதினைந்து வாங்கி, "கணக்கு சரியாப் போச்சு" என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு பெஞ்சில் சாய்ந்தார். மின்னலுக்கு அந்த ஒரு ஆட்டமே போதும். ஆனால் ஊசியக்காவுக்கு எதிரே நிற்க வேறு ஆள் இல்லை. அதனால் மின்னலே மறுபடி தடத்தில் ஏறினாள்.

முகமூடியை மாட்டியதும் தன் மூச்சுச் சத்தம் மட்டுமே காதில் கேட்டது.

மின்னல் ஒரு அடி எடுத்து வைத்தாள். ஊசியக்காவின் மணிக்கட்டு ஒரு நூலளவு விலகியது. மார்பு திறந்தது. குத்து விழுந்தது. சிவப்பு விளக்கு.

என்ன நடந்தது என்று அவளுக்கே புரிய ஒரு நொடி பிடித்தது. மறுபடி நின்றாள். இந்தத் தடவை விலகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மின்னலின் கால் சரியான தூரத்துக்கு வந்தது. மணிக்கட்டு தானாக விலகியது. சிவப்பு விளக்கு. மூன்று. நான்கு. பதினாறு வருஷம் இருநூறு இருநூறாகப் பழகிய உடம்பு, நன்றாக அடி எடுத்து வைக்கிறவருக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தது. எதிரே நிற்பது பாடம் படிக்க வந்த பிள்ளை இல்லை என்பது அதற்குத் தெரியவில்லை.

ஆறாவது குத்துக்குப் பிறகு மின்னல் முகமூடியைத் தூக்கினாள். "அக்கா, நான் ஒங்ககிட்ட பாடம் படிக்க வரல. சும்மா நின்னு வாங்கிக்கிட்டே இருந்தா எப்படி? குத்துங்க."

குத்தலாம்தான். இரண்டு தடவை வழி கிடைத்தது. இரண்டு தடவையும் கை பாதி நீண்டு, மின்னலின் சட்டைக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. அந்த வெள்ளைத் துணியைப் பார்த்ததும் முழங்கை பூட்டிக்கொண்டது. முதல் மூன்று நிமிஷம் முடிந்தபோது பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும், பாய்ந்த வேகத்தில் மின்னலே வந்து வாள்முனையில் ஏறிக்கொண்டதால் கிடைத்தவை.

ஒரு நிமிஷ இடைவேளை. மேஜர் தண்ணீர் பாட்டிலுடன் எழுந்து வந்தார். "ஒண்ணு, ரெண்டு, முன்னால. நீ ஒண்ணரைலயே நின்னுட்ற" என்று கிசுகிசுத்தார். இன்னும் மூன்று புள்ளி வேண்டும். மின்னலுக்கு ஐந்து போதும், ஆட்டம் முடிந்துவிடும். இப்படியே கதவைத் திறந்து வெளியே போய்விடலாமா என்று ஊசியக்கா நினைத்தாள். நினைத்துக்கொண்டே எதிர்ப்பக்கம் நடந்தாள். முதுகு வயர் பின்னால் இழுத்தது. அதைக் கழற்ற மறந்திருந்தாள். கழற்றிவிட்டு நடந்தாள்.

மின்னல் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கையத் தூக்கு" என்றாள் ஊசியக்கா.

"எதுக்குக்கா?"

"தூக்கேன்."

மின்னல் தூக்கினாள். ஊசியக்கா கையுறையைக் கழற்றிவிட்டு, அக்குளுக்குக் கீழே தையலைக் கட்டை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவினாள். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இரண்டாவது தடவையும் தடவினாள்.

"முன்னாடி ஒருத்திக்கு வாள் ஒடஞ்சு குத்திருச்சுன்னு சொல்லுவாங்கல்ல? வாள் ஒடஞ்சது நெசந்தான். ஆனா சட்ட பிரிஞ்சுதான் உள்ள போச்சு. அந்த எடத்த நான்தான் தெச்சேன். அரகொறையா தெச்சேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

சொன்ன பிறகுதான் பரிசோதகர் நான்கடி தள்ளி நிற்பது தெரிந்தது. அந்த அம்மாள் தலை நிமிரவில்லை. பேனா மட்டும் தாளில் எதையோ எழுதியது.

மின்னல் கேலி செய்யவில்லை. தூக்கிய கையை இறக்கவும் இல்லை.

"இது தாங்குமா?"

"தாங்கும்."

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"அப்ப குத்துங்க. நானும் குத்துவேன், விட்டுக் குடுக்க மாட்டேன்."

மணி அடித்தது. பயம் போகவில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்தது. இத்தனை நாள் வெள்ளைத் துணி முழுவதும் பரவியிருந்தது. இப்போது ஒரு சாண் தையலில் நின்றது, அந்தத் தையலை அவள் விரல் பார்த்துவிட்டிருந்தது. மின்னல் பாய்ந்து வந்தபோது அவள் கை நீண்டது. முன்கையில் லேசாகத் தொட்டது. பச்சை விளக்கு. அவள் கத்திவிட்டாள். சந்தோஷத்தில் இல்லை. மின்னல் கையை ஆட்டிக் காட்டினாள், ஒன்றுமில்லை என்று.

பிறகு மின்னல் சொன்னபடி விட்டுக்கொடுக்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு. ஊசியக்காவின் மணிக்கட்டு பழைய புத்தியை விடாமல் விலகிக்கொண்டுதான் இருந்தது. மின்னலின் தோளில் அவள் ஒரு குத்து வைத்தாள், நான்கு. பதின்மூன்று. பதினாலு.

பதினாலுக்கு நான்கு. மின்னலுக்கு ஒன்று வேண்டும், அவளுக்கும் ஒன்றே ஒன்று வேண்டும். பெஞ்சில் மேஜர் எண்ணுவதைக்கூட நிறுத்திவிட்டார்.

மின்னல் மெதுவாக வந்தாள். சரியான தூரம். அழகான அடி. ஊசியக்காவுக்கு மணிக்கட்டு விலகப்போவது தெரிந்தது. தடுத்துப் பயனில்லை என்பதும் தெரிந்தது. விலகட்டும் என்று விட்டாள். பிள்ளைகளுக்குத் திறக்கிற மாதிரியே மார்பைத் திறந்தாள். மின்னலின் வாள் உள்ளே வந்த அதே நொடியில், கண்ணை மூடாமல், தன் கையை முழுசாக நீட்டினாள். முழங்கை நிமிர்ந்தது. எதிர் மார்பில் முனை அழுந்தி, வாள் வில்லாக வளைந்தது.

இரண்டு விளக்கும் எரிந்தன.

வளைந்த வாள் நிமிர்கிற வரைக்கும் அவள் மூச்சு விடவில்லை. அது ஒடியவில்லை.

"பதினஞ்சு, அஞ்சு" என்றார் பரிசோதகர். மேஜர் பெஞ்சிலிருந்து எழுந்து, பத்துப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றவருக்குக் கை தட்டுவது இதுதான் முதல் தடவை என்று சொல்லிக் கை தட்டினார். ஊசியக்காவுக்குத் தாளில் கையெழுத்துப் போட வரவில்லை. முதல் தடவை பேனா வழுக்கிக் கோடாக ஓடியது. இரண்டாவது தடவை போட்டது வேறு யாருடைய கையெழுத்தோ போல இருந்தது. மூன்றாவதைப் பார்த்துப் பரிசோதகர் தலையாட்டி, அட்டையில் முத்திரை வைத்தார். வைத்துவிட்டு, அதே குரலில் சொன்னார்.

"நீங்க அங்க பேசினது காதுல விழுந்துச்சு. சட்டைங்க எல்லாம் எங்க இருக்கு?"

கொடுத்த அட்டையைப் பிடுங்கிவிடுவார்களோ என்று ஊசியக்காவின் விரல்கள் அதை இறுகப் பிடித்தன. சுவர் அலமாரியைக் காட்டினாள். முப்பத்து நான்கு சட்டைகள். நீள மேஜையில் குவித்தார்கள். பரிசோதகர் ஒவ்வொன்றாக எடுத்து உட்புறம் திருப்பி, தையலின் இரு பக்கமும் பெருவிரல்களை வைத்து இழுத்தார். கூடவே நின்று அவளும் இழுத்தாள். ஏழாவது சட்டையில் துணியே நைந்திருந்தது. அது தனியாகப் போனது. பன்னிரண்டாவதும் அப்படியே.

பத்தொன்பதாவது சட்டையில் அக்குள் தையல் பல் இளித்தது. கொஞ்சம்தான், ஒரு நகத்தளவு.

"இது யார் தெச்சது?"

எந்தத் தையலில் யார் பெயர் எழுதியிருக்கிறது? தெரியாது என்று சொன்னால் முடிந்தது. அட்டை பையில் இருக்கிறது. மேஜர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்னல் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றாள் ஊசியக்கா. "நாலு வருஷம் இருக்கும். நூல் சரியான நூல்தான். முடிச்சு விட்டுப்போச்சு."

பரிசோதகர் எழுதினார். அட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை. இனிமேல் மாதம் ஒரு தடவை சட்டைகளை இரண்டு பேர் சேர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், தைத்தவரே தனியாகப் பார்க்கக் கூடாது என்றார். இன்னொரு ஆள் யார் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் மேஜர், எண்ணுகிற வேலை என்றால் தன்னை விட்டால் யார் என்று முன்னால் வந்து நின்றார்.

"இத வெட்டிடுங்க. தெரியாம யாராச்சும் எடுத்துப் போட்டுக்கக் கூடாது" என்று பரிசோதகர் கத்தரிக்கோலை நீட்டினார்.

துணி கெட்டி. இரண்டு கையாலும் அழுத்தித்தான் வெட்ட வேண்டியிருந்தது. தோளைச் சுற்றி வெட்டி, சட்டைக் கை தனியாக வந்ததும் அதைக் கழிவுக் கூடையில் போட்டாள்.

மேஜர் இருபதாவது சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். "இது?" என்றார்.

ஊசியக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனாள்.